சுகந்தியின் சீஸ் கேக்கில் நான் எழுதிய சொல்

1. முக்கோணச் சீஸ்

"அண்ணை, சொக்லட் கேக்குக்குள்ளை சீஸ் கேக் வைச்சுச் செய்வியளோ?"

போனில் ஒரு பெண் இப்படிக் கேட்டபோது நான் பாண் ட்ரேக்களை வெளியில் இழுத்துக்கொண்டிருந்தேன். "ஓம், செய்யலாம்" என்றேன். அதுவரை நான் சீஸ் கேக்கைக் கண்ணால் கண்டதுமில்லை, நாக்கில் வைத்ததுமில்லை. முப்பத்துநான்கு வருஷமாக ஓவன் முன்னால் நிற்கிறேன். முதல் இருபத்திரண்டு வருஷம் வவுனியாவில் ஒரு பேக்கரியில் பாஸாக, அதாவது பாண் போடுகிற கைவேலைக்காரனாக, வேலை செய்தேன், மிச்சம் கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் என் சொந்தக் கடையில். இந்தக் காலத்தில் எந்த வாடிக்கையாளருக்கும் "தெரியாது" என்று சொன்னதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இந்தப் பெருமையை என்னிடமிருந்து படிக்க வேண்டாம்.

பேசியவர் சுகந்தி. ஊர் வட்டக்கச்சி. குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை. மகள் லக்சிகாவை மூன்று வயதில் தன் தங்கை வதனியிடம் விட்டுவிட்டுப் போனவர். நடுவில் ஒரு மாதம் மட்டும் வந்து நின்றிருக்கிறார். கணவர் வேறு குடும்பமாகி மன்னார்ப் பக்கம் போய்விட்டார். ஆடி மாதக் கடைசியில் வருகிற சனிக்கிழமை லக்சிகாவுக்கு ஒன்பது வயது.

"அந்த வீட்டுப் பிள்ளையளுக்கு இதோடை பதினொரு கேக் செய்திட்டன் அண்ணை. என்ர பிள்ளைக்கு ஒண்டும் செய்யேல்லை. அதே கேக்கைத்தான் அவளும் வெட்டோணும். ஐப்பசியோடை என்ர கொன்றாக்ட் முடியுது. பிள்ளை என்னோடை மனம்விட்டு நாலு வார்த்தை கதைச்சாளெண்டால் நான் வந்திடுவன். கோல் எடுத்தால் 'ஓம், இல்லை, சாப்பிட்டன்' எண்டு சொல்லிப்போட்டுப் போனை வதனியிட்டைக் குடுத்திடுறாள். வந்து என்ன செய்யிறது எண்டு சிலவேளை பயமாக் கிடக்கு."

ஒரு பிள்ளையைத் தாயோடு பேசவைக்கிற வேலையைக் கேக்கின் தலையில் கட்டுகிறாரே என்று நினைத்தேன். வாயால் சொல்லவில்லை. என் வாய் சும்மா இருந்த சில தருணங்களில் அதுவும் ஒன்று.

சொக்லட்டுக்கும் சீஸுக்கும் என்ன உறவு என்று எனக்குப் பிடிபடவேயில்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை என்றுதான் பட்டது. என்றாலும் வாக்குக் கொடுத்தாயிற்று. எங்களுக்கெல்லாம் சீஸ் என்றால் வெள்ளித்தாள் சுற்றி வட்டப் பெட்டியில் வருகிற முக்கோணத் துண்டுதான். பத்துத் துண்டை உரித்து, முட்டையும் சீனியும் போட்டு அடித்து, பேக் பண்ணிப் பார்த்தேன். உப்புக் கரித்தது. வெட்டினால் றப்பர் போல இழுபட்டது. மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, "இதை ஆருக்கும் குடுத்திடாதேங்கோ, சாபம் கிடைக்கும்" என்றாள். அவள் பகிடிக்குத்தான் சொன்னாள்.

2. தயிர் மூட்டை

வெட்கத்தை விட்டுச் சுகந்திக்கு ஒரு வொயிஸ் மெசேஜ் போட்டேன். "தங்கச்சி, பொய் சொல்லிப்போட்டன். எனக்கு உது தெரியாது. நீங்கள் சொல்லுங்கோ, நான் செய்யிறன்."

அன்று பின்னேரம் அடுத்தடுத்து எட்டு மெசேஜ் வந்து கிடந்தன. அந்த வீட்டு மெடம் மத்தியானம் படுத்து எழும்புகிற நேரம்தான் சுகந்தியின் நேரம். மெல்லிய குரலில், வேகமாக, இடையில் வாசிங் மெசின் சத்தத்தோடு வரும். முக்கோணச் சீஸ் கதையைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு முதல் மெசேஜில் பாதிக்கு மேல் இருந்தது. பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"கிறீம் சீஸ் இல்லாட்டிப் பறவாயில்லை அண்ணை. இஞ்சை தயிரைத் துணியிலை வடிச்சு வைச்சிருப்பினம். எங்கட ஊர் எருமைத் தயிர் அதைவிடத் திறம். நல்ல கெட்டித் தயிரா வாங்கி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, வெள்ளைத் துணியிலை கட்டி ஒரு நாள் தூக்கி விடுங்கோ. கீழை ஒரு சட்டி வையுங்கோ. பிரிட்ஜுக்குள்ளை தூக்கினால் புளிக்காது."

பிரிட்ஜின் தட்டுகளைக் கழற்றி மூட்டையைத் தொங்கவிட்டேன். அடுத்த நாள் அவிழ்த்தால், பட்டர் போல வழுவழுப்பாக ஒரு வெள்ளை உருண்டை. இவ்வளவு வருஷமாக எருமைத் தயிரைக் கித்துள் பாணி விட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். அதுக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று குவைத்திலிருந்து ஒருத்தி சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடித்த தயிரும் சீனியும் நன்றாகச் சேர்ந்த பிறகு, முட்டையை ஒவ்வொன்றாக விட வேண்டும். கலவை அடிக்கிற பீட்டர் மெசின் மிக மெதுவாக ஓட வேண்டும். வேகமாக அடித்தால் காற்று ஏறும், ஓவனில் பொங்கி நடுவில் வெடிக்கும். ஒரு பெரிய ட்ரேயில் சுடுதண்ணீர் விட்டு, அதுக்குள் கேக் ட்ரேயை இறக்கி, குறைந்த சூட்டில் ஒரு மணித்தியாலம். "ஓரம் இறுகி, நடு மட்டும் வட்டிலப்பம் மாதிரி ஆடேக்கை நிப்பாட்டுங்கோ. உடனை வெளியிலை எடுக்காதேங்கோ. கதவைக் கொஞ்சம் திறந்து விட்டிட்டு உங்கட வேலையைப் பாருங்கோ" என்றார் சுகந்தி. ஆறினதும் டீப் பிரீசரில் ஒரு நாள். கல்லாக இறுகினால்தான் உடையாமல் தூக்கி ஸ்பொஞ்சுக்கு மேல் வைக்கலாம்.

சொக்லட் ஸ்பொஞ்சிலும் எனக்கு ஒரு திருத்தம் வந்தது. நான் கொக்கோவை மாவோடு அரித்துப் போடுகிற ஆள். அவர் சூடான கோப்பியில் கொக்கோவைக் கரைத்து விடச் சொன்னார். செய்து பார்த்தேன், நிறமும் மணமும் வேறாக வந்தது. கீழே ஒரு ஸ்பொஞ், நடுவில் சீஸ் கேக்கின் வெள்ளைத் தட்டு, மேலே இன்னொரு ஸ்பொஞ், சுற்றி உருக்கிய சொக்லட்டும் கிறீமும் சேர்த்த பூச்சு. மூன்று முறை செய்து பார்த்து, மூன்றாவதை வெட்டிப் படம் அனுப்பினேன். கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று கோடு நேராக நின்றது.

"சரியா வந்திட்டுது அண்ணை" என்று ஒரே ஒரு மெசேஜ் வந்தது. அதுக்குப் பிறகு இன்னொன்று: "கேக்கிலை நான்தான் அனுப்பினனான் எண்டு பிள்ளைக்கு விளங்கிற மாதிரி எழுதிவிடுங்கோ. என்ன எழுதிறதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும் என்றேன். ஐசிங் எழுத்து எனக்குக் கைவந்த வேலை. அதில் எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று நினைத்தேன்.

3. வதனி கடைக்கு வந்த நாள்

பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு வதனி கடைக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். கார்மென்ட்ஸ் வேலை முடிந்து நேரே வந்திருந்தார், தலைமுடியில் பஞ்சு ஒட்டிக் கிடந்தது. எத்தனை மணிக்குக் கேக் வரும், பிரிட்ஜில் எங்கே வைப்பது என்றெல்லாம் கேட்டார். போக வெளிக்கிட்டவர் கதவடியில் நின்றார்.

"கேக்கிலை என்ன எழுதப் போறியள் அண்ணை?"

"அன்பு மகள் லக்சிகாவுக்கு, அம்மா. வேறை என்ன?"

"பேரைப் போடலாம்தானே… சுகந்தி எண்டு."

நான் அன்று நல்ல மனநிலையில் இல்லை. காலையிலிருந்து இரண்டு தரம் கரண்ட் போய் வந்திருந்தது, பணிஸ் ஒரு தட்டு முழுக்கப் பாழ். "பிள்ளை, தாய் மகளுக்குத் தன்ர பேரை எழுதிற வழக்கம் எங்கையாவது இருக்கோ? ஒப்பிசிலை கையெழுத்து வைக்கிறாவோ? அம்மா எண்டால் அம்மாதான்" என்று கத்திவிட்டேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "ஓம்… அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அந்த இடத்தில் நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். ஏன் பிள்ளை அப்படிச் சொல்கிறாய் என்று நாலு சொல். கேட்கவில்லை. வேலை தெரிந்தவன் என்ற எண்ணம் காதை அடைத்துவிடும்.

4. நாலரை மணி

கேக்கை நானே கொண்டுபோனேன். சோளகக் காற்று வீசுகிற காலம், வெயில் என்றால் கொடும் வெயில். சொக்லட் பூச்சு இளகினால் எல்லாம் போச்சு. மீன் பெட்டி மாதிரி, வெள்ளை நுரைப் பலகையில் செய்த ஒரு ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, அதுக்குள் கேக்கை வைத்து, ஓட்டோவின் பின்சீற்றில் பெட்டியை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாய்க்கால் கரை றோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஓட்டோக்காரன் என்னிடம் பேச்சு வாங்கினான்.

வீடு சுகந்தியின் உழைப்பில் எழும்பியது. முன் அறைக்கு மாபிள் போட்டு, வெளிச்சுவர் பூசாமல், மதில் கட்டாமல் கிடந்தது. மேசையில் புதுத் துணி, சுவரில் பலூன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர் வரை. லக்சிகா ஊதாச் சட்டை போட்டு, மேசைக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றாள். மெலிந்த பிள்ளை, பெரிய கண்.

நாலரைக்குச் சுகந்தியின் வீடியோ கோல் வந்தது. அங்கே மத்தியானம் இரண்டு மணி, மெடம் படுத்திருக்கிற நேரம். வதனி மெழுகுதிரி கொளுத்த வேண்டியிருந்ததால் போனை என் கையில் தந்து, "மேசையைக் காட்டிக்கொண்டு நில்லுங்கோ அண்ணை" என்றார். அதனால் அந்த அறையில் சுகந்தியின் முகம் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. வாசிங் மெசினுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். தலை வாரி, பொட்டு வைத்திருந்தார். நான் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட வயது போன முகம்.

பெட்டியைத் திறந்ததும் பிள்ளைகள் மேசையை மொய்த்தார்கள். லக்சிகா குனிந்து, வகுப்பில் வாசிப்பது போலச் சத்தமாக வாசித்தாள். "அன்பு மகள் லக்சிகாவுக்கு, அம்மா."

வாசித்துவிட்டுத் திரும்பினாள். ஓடிப்போய் வதனியின் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள்.

"அம்மா, கேக் ஒண்டும் இல்லையெண்டு எனக்குப் பொய்தானே சொன்னனீங்கள்?"

வதனியின் கையில் நெருப்புக்குச்சி எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. என் கையிலிருந்த போனைப் பார்த்தார். "இல்லைச் செல்லம், இது நான் இல்லை. இது குவைத்தம்மா அனுப்பினது" என்றார்.

குவைத்தம்மா. எங்கள் ஊரில் கனடா மாமா உண்டு, லண்டன் பெரியப்பா உண்டு, சுவிஸ் சித்தி உண்டு. தூரத்தில் இருக்கிறவர்களை நாட்டின் பேரைச் சேர்த்துச் சொல்வது எல்லா வீட்டிலும் இருக்கிற வழக்கம். அம்மாவுக்கு முன்னால் ஒரு நாட்டின் பேர் வந்து நிற்பதை அன்றுதான் கேட்டேன்.

லக்சிகா திரும்பிக் கேக்கைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் ஒன்றுமில்லை. சொல்வதெழுதலில் பிழை கண்ட பிள்ளையின் முகம்தான் இருந்தது. "அப்ப குவைத்தம்மா எண்டெல்லோ எழுதியிருக்கோணும். பிழையா எழுதிப்போட்டினம்" என்றாள்.

நான் போனைப் பார்த்தேன். பார்க்காமல் விட்டிருக்கலாம். சுகந்தியின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது, கண் மட்டும் மாறிவிட்டது. அவர் அழவில்லை. போனுக்குக் கிட்ட வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"அண்ணை, வெட்டச் சொல்லுங்கோ. மெடம் எழும்பப் போறா."

பாட்டுப் பாடினார்கள், கேக் வெட்டினார்கள். கறுப்பு, வெள்ளை, கறுப்பு, கோடு நேராகத்தான் விழுந்தது. லக்சிகா முதல் துண்டை எடுத்து வதனியின் வாய்க்கு நீட்டினாள். வதனி வாயைத் திறக்கவில்லை. "முதல்லை போனுக்குக் குடு" என்றார். பிள்ளை சொன்னபடி வந்து, துண்டைப் போனுக்கு முன்னால் பிடித்து, "தாங்ஸ் குவைத்தம்மா" என்றாள். சுகந்தி வாயைத் திறந்து, கடித்து, மென்று விழுங்குவது போலச் செய்துகாட்டினார். "நல்ல ருசி செல்லம்" என்றார். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு எங்கள் வீடுகளில் கேக் ஊட்டுவது இப்படித்தான். பிள்ளை அதே துண்டைக் கொண்டுபோய் வதனிக்குக் கொடுத்தாள். வதனி அதை வாங்கி வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் விழுங்காமல் நின்றார்.

நான் வெளிக்கிடும்போது வதனி வாசல் படலை வரை வந்தார்.

"நான் சொல்லிக் குடுக்கேல்லை அண்ணை. 'சின்னம்மா' எண்டுதான் தொடங்கினவள். பிறகு 'சின்ன' விழுந்து போச்சு. காய்ச்சலிலை கிடந்து அம்மா அம்மா எண்டு என்ர கையைப் பிடிக்கேக்கை திருத்த மனம் வரேல்லை. அக்கா கோல் எடுக்கிற நேரத்திலை மட்டும் அவாவை 'அம்மா' எண்டு சொல்லச் சொல்லி வைச்சனான். அண்டைக்குக் கடையிலை உங்களுக்குச் சொல்லத்தான் வந்தனான். நீங்கள் சத்தம் போட்டியள்."

அவரை யார் குறை சொல்ல முடியும்? அந்தப் பிள்ளைக்காகவே வந்த கலியாணப் பேச்சுகளைத் தட்டிவிட்டு இருக்கிறவர் என்று ஓட்டோக்காரன் திரும்பி வரும் வழியில் சொன்னான். குறை சொல்லப்பட வேண்டிய ஆள் அன்று அந்த வளவில் ஒருவன்தான் நின்றான். அவனுக்கு எழுதத் தெரியும், கேட்கத் தெரியாது.

5. இறுகினதோ

அடுத்த நாள் மத்தியானத்துக்குப் பிறகு சுகந்தியின் மெசேஜ் வந்தது.

"அண்ணை, நடு இறுகினதோ? வெட்டேக்கை வழியேல்லைத்தானே? எனக்குப் போனிலை வடிவாத் தெரியேல்லை."

இறுகியது, வழியவில்லை, பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள் என்று சொன்னேன். பிறகு, "தங்கச்சி, என்ர பிழை. நான் விசாரிச்சு எழுதியிருக்கோணும்" என்றேன்.

அதுக்கு வந்த பதில்: "உங்களிலை என்ன பிழை அண்ணை. அம்மா எண்டதிலை எழுத்துப் பிழை ஒண்டும் இல்லையே."

அந்த மெசேஜை நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

ஐப்பசி முடிந்து கார்த்திகை மழை தொடங்கிய பிறகு வதனி பாண் வாங்க வந்தார். அக்கா எப்போது வருகிறா என்று கேட்டேன். "வரேல்லை அண்ணை. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வைச்சிட்டா. மதிலைக் கட்டி முடிச்சிட்டு வாறன் எண்டு சொன்னவா" என்றார். சொல்லிவிட்டு, பாணை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்து நின்றார். மதில் ஒரு சாட்டுத்தான் என்பது எனக்கும் அவருக்கும் தெரியும்.

என் எழுத்து இல்லாவிட்டாலும் அது ஒரு நாள் தெரியத்தான் வந்திருக்கும் என்று மனைவி சொல்வாள். இருக்கலாம். ஆனால் ஐப்பசிக்குப் பிறகு, சுகந்தி வீட்டில் வந்து நின்று, பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிற ஒரு நாளில் தெரிய வந்திருந்தால் அது வேறு. வாசிங் மெசினுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, அழவும் நேரமில்லாமல் தெரிந்துகொண்டது வேறு. அந்த வித்தியாசத்துக்குப் பொறுப்பு நான்தான்.

சீஸ் கேக் இப்போது என் கடையில் மாதத்துக்கு நாலைந்து போகிறது. செய்முறையை யார் கேட்டாலும் மறைக்காமல் சொல்கிறேன், அது என் சொத்தும் இல்லை. ஆனால் புதியவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது தயிர் வடிக்கிற விதத்தையல்ல. வெளிநாட்டிலிருந்து கேக் ஓடர் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். அனுப்புகிறவர் யார்? அந்த வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? இரண்டாவது கேள்விக்குப் பதிலை அனுப்புகிறவரிடம் கேட்கக் கூடாது, கேக் போய்ச் சேருகிற வீட்டில் கேட்க வேண்டும். வதனி போல யாராவது கதவடியில் தயங்கி நின்றால், கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

இந்த வருஷம் ஆடி பிறந்ததும் சுகந்தியின் மெசேஜ் வந்தது. அதே கேக், அதே அளவு. மேலே மட்டும் பத்து வயதுக்கு ஒரு மெழுகுதிரி கூட. நான் முன்யோசனையாக இருந்தேன். எழுத்தே வேண்டாம், ஒரு பூ மட்டும் போட்டுவிடலாம், அதுவும் இப்போது பாஷன்தான் என்று சொல்லிப் பார்த்தேன்.

"இல்லை அண்ணை, எழுதுங்கோ" என்றார் சுகந்தி. "குவைத்தம்மா எண்டே எழுதுங்கோ. இந்த முறை பிள்ளை பிழை கண்டுபிடிக்கக் கூடாது."

எழுதிக் கொடுத்தேன்.